மூன்று திருப்பம், ஒரு நிறுத்தம்

“பனியில அப்படி என்னதான் இருக்கு? ஃப்ரீசரைத் திறந்தா அதுதானே!”

ஹொக்கைடோவுக்கு விமானச் சீட்டு வாங்கிய நாளிலிருந்து அம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சீனப் புத்தாண்டு விடுமுறையோடு நான்கு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு, வடக்கு ஜப்பானில் இருக்கும் நிசெக்கோவுக்குப் பனிச்சறுக்குப் பயணம் போவதாக எனக்கும் தம்பிக்கும் திட்டம். மலையின் பெயர் அன்னுப்புரி என்றதும் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. “அன்னபூரணி மாதிரி இருக்கே” என்றார். அது ஐனு பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த பெயர், ‘நுப்புரி’ என்றால் மலை என்று தம்பி விளக்கப் போனான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அன்னபூரணியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மரங்களுக்கு நடுவே சறுக்கப் போகிறோம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

என் பனிச்சறுக்கு வரலாறு மிகவும் சுருக்கமானது. பள்ளிக்காலத்தில் ஜூரோங்கில் ஸ்னோ சிட்டிக்குப் போய் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து வழுக்கி வந்ததோடு சரி. முப்பத்து மூன்று வயதில்தான் முதன்முதலாகக் காலில் சறுக்குப் பலகைகளை மாட்டினேன். இரண்டு குளிர்காலம் விழுந்து எழுந்த பிறகு, இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதையில் நடுத்தரச் சரிவு என்றால் ஒருவழியாக இறங்கிவிடுவேன். தம்பி வேறு ரகம். வான்கூவரில் நான்காண்டு படித்தவன். வகுப்பறையைவிட மலையில்தான் அதிகம் இருந்தான் என்பது அப்பாவின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஆனால் அவனுக்கும் பழக்கமானது திறந்த சரிவுதான். ஆழமான பனியில், மரங்களுக்குள், அவனும் போனதில்லை.

ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, ஹொக்கைடோ மலைகளில் ஏறும்போது அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஜனவரி மாதத்தில் நிசெக்கோவில் பனி பெய்யாத நாள் அரிது. அந்தப் பனியும் நாம் குளிர்பெட்டியில் பார்க்கிற பனி இல்லை. உலர்ந்தது, லேசானது. கையில் அள்ளி ஊதினால் கோலமாவு போலப் பறக்கும். விடாமல் பெய்வதால் திறந்த சரிவில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். எது மேடு, எது பள்ளம் என்று தெரியாது. ஒருமுறை நான் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மெல்லப் பின்னோக்கி வழுக்கிக்கொண்டிருந்தேன்.

மரங்களுக்குள் அந்தக் குழப்பம் இல்லை. வெள்ளைக்கு நடுவே நிற்கும் தண்டுகள் கண்ணுக்குப் பிடிமானம் கொடுக்கும். காற்றும் அவ்வளவாக அடிக்காது. நேற்றிரவு பெய்த பனி யார் காலும் படாமல் அங்கேதான் கிடக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பனி கொட்டும் நாளில் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். ஜப்பானில் பல பனிச்சறுக்குத் தளங்களில் இதற்கு அனுமதியே கிடையாது. நிசெக்கோவில் உண்டு. ஆனால் அதற்கென்று விதிகளும் உண்டு.

நம்முடைய புக்கிட் தீமா மலையின் உயரம் ஏறக்குறைய 164 மீட்டர். அன்னுப்புரி 1,308 மீட்டர். நான் அவசரப்பட்டு இறங்கக்கூடாத இடம் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது. அதனால் முதல் நாளைக்கே ஒரு தனிப் பயிற்றுநரை ஏற்பாடு செய்தோம். கட்டணம் கிட்டத்தட்ட என் விமானச் சீட்டின் விலை. “யூடியூப் பார்த்தே கத்துக்கலாம் அக்கா” என்றான் தம்பி. அந்தப் பணத்தைச் செலவழித்தது எவ்வளவு நல்லது என்பதை மூன்றாம் நாள் தெரிந்துகொண்டான்.

பயிற்றுநர் ஈப்போவில் பிறந்த சீனப் பெண்மணி. பல குளிர்காலங்களாக நிசெக்கோவில் வேலை பார்க்கிறவர். எங்களைப் பார்த்த இரண்டாவது நிமிடத்திலேயே நான் ‘அக்கா’ ஆகிவிட்டேன், தம்பி ‘மச்சா’ ஆகிவிட்டான். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவராகத்தான் இருப்பார். பரவாயில்லை. ஹொக்கைடோவில் ஒருவர் ‘மச்சா’ என்று கூப்பிடுவதைக் கேட்கவே தனிச் சுகம்.

முதல் மூன்று மணி நேரம் அவர் மரத்தின் பக்கமே எங்களை விடவில்லை. பனியைச் சமன்செய்யும் இயந்திரம் போன தடத்தைக் காட்டினார். ஒரு லாரியைவிடக் கொஞ்சம் அகலம். அதன் இரு ஓரங்களையும் தாண்டாமல், குறுகிய திருப்பங்களாகக் கீழே வரச் சொன்னார். தாண்டினால் திரும்பவும் மேலே. அடுத்து, அவர் திடீரென்று “நில்!” என்று கத்துவார். இரண்டு திருப்பத்துக்குள் நின்றுவிட வேண்டும். நான் ஐந்து எடுத்துக்கொண்டேன். “அக்கா, இது காடா இருந்தா மூணாவது மரம் உன்னைப் பிடிச்சிருக்கும் லா” என்றார் சிரிக்காமல். வேகமாகப் போகத் தெரிவது இங்கே தகுதி இல்லை. நினைத்த இடத்தில் திரும்பத் தெரியவேண்டும், நினைத்த இடத்தில் நிற்கத் தெரியவேண்டும். இந்த இரண்டும் வராதவரை மரங்களை நாற்காலி லிஃப்டில் இருந்து பார்த்து ரசித்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு முதல் தடவையே எல்லாம் வந்துவிட்டது. அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு. “ஹெல்மெட்தான் போட்டிருக்கோமே” என்று அவன் சொன்னபோது பயிற்றுநர், “ஷூமாக்கரும் போட்டிருந்தார் மச்சா” என்றார்.

செப்பாங்கில் அந்த மனிதரின் சிவப்புக் காரைப் பார்க்கப் போன தலைமுறை நாங்கள். 2013 டிசம்பர் 29ஆம் தேதி, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மெரிபெல் என்ற இடத்தில், குறியிட்ட இரு பாதைகளுக்கு நடுவே இருந்த பகுதியில் சறுக்கியபோது அவர் தலை பாறையில் மோதியது. தலைக்கவசம் பிளந்துபோனது. தலைக்கவசம் கட்டாயம் வேண்டும், கிளைகள் கண்ணில் குத்தாமல் இருக்கக் கண்ணாடியும் வேண்டும். ஆனால் மரத்தில் முழு வேகத்தில் மோதினால் எதுவும் காப்பாற்றாது என்றார் பயிற்றுநர். தம்பி அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

மதியத்துக்குப் பிறகு, ஹனஸோனோ பக்கத்தில் பாதையை ஒட்டினாற்போல் இருந்த ஒரு பிர்ச் தோப்புக்கு அழைத்துப் போனார். உள்ளூரில் அந்த மரத்தை ‘டகேகன்பா’ என்கிறார்கள். தோல் உரிந்து தொங்கும் வெளிர்நிறத் தண்டுகள், தலைகீழாக நட்ட வேர்களைப் போலக் கோணல்மாணலாக விரிந்த கிளைகள். மரத்துக்கு மரம் ஒரு பேருந்து போகும் அளவு இடம். எங்கே தடுமாறினாலும் வலப்பக்கம் திரும்பினால் பாதைக்கு வந்துவிடலாம். முதல்முறை போகிறவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் இப்படித்தான் இருக்க வேண்டுமாம்: அகலமான இடைவெளி, அதிகம் சரியாத இறக்கம், பக்கத்திலேயே வெளியேறும் வழி.

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பேருந்து போகிற இடமாகத் தெரியவில்லை. வெறும் மரங்கள்தான் தெரிந்தன.

“எதைப் பார்க்கிறே அக்கா?”

“மரத்தை.”

“மரத்தைப் பார்த்தா மரத்துக்குத்தான் போவே. வெள்ளையைப் பார்.”

மோட்டார்சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும். குழியையே பார்த்துக்கொண்டு போனால் சக்கரம் அந்தக் குழியில்தான் இறங்கும். எனக்குப் புரிந்தது வேறு வழியில். வானொலியில் செய்தி வாசிக்கப் பழகும் புதியவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவது, வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் அடுத்த வரிக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான். வாசிக்கிற சொல்லையே முறைத்துக்கொண்டிருந்தால் அடுத்த சொல்லில் இடறும். இங்கேயும் அதே கதை. இப்போது கடக்கிற இடைவெளியை மறந்துவிட்டு, இரண்டு மரம் தள்ளி இருக்கும் இடைவெளியைக் கண் தேட வேண்டும். பதினோரு ஆண்டு ஒலிபரப்பு அனுபவம் ஒரு மலையில் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கால்களுக்கும் புதுப்பாடம் இருந்தது. சமன்செய்த பாதையில் திரும்பும்போது வெளிக்காலில் எடையைப் போடுவோம். ஆழமான பனியில் அப்படிச் செய்தால் அந்தக் கால் மட்டும் புதைந்துவிடும். இரண்டு கால்களிலும் ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும், பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டியே போக வேண்டும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் திருப்ப முடியாது. கைகள் எப்போதும் முன்னால், ஒரு தட்டில் தேநீர் கொண்டு போகிற மாதிரி.

உள்ளே நுழையுமுன் எங்கள் ஊன்றுகோல்களின் கைப்பட்டைகளைக் கழற்றச் சொன்னார். மணிக்கட்டில் பட்டை மாட்டியிருந்து, கோல் ஒரு கிளையில் சிக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்றவர், எங்களைத் தனியாக நின்ற ஒரு சிறு ஊசியிலை மரத்தின் அருகே கூட்டிப்போனார். டோடோமாட்சு என்ற வகை. நம் கண்ணுக்குக் கிறிஸ்துமஸ் மரம். பனியைச் சுமந்து அழகாக நின்றது. தன் கோலை அதன் அடிக்கிளைக்குக் கீழே மெல்லச் செருகினார். கோல் முழுசாக உள்ளே போய்விட்டது. அவர் முழங்கையும் போனது.

ஆங்கிலத்தில் இதை ‘ட்ரீ வெல்’ என்கிறார்கள். மரக்கிணறு என்றே நாமும் சொல்லலாம். விழுகிற பனியைத் தாழ்ந்த கிளைகள் குடைபோலத் தாங்கிக்கொள்வதால், தண்டைச் சுற்றி மட்டும் பனி இறுகாமல் பொலபொலவென்று, பாதி காற்றாகக் கிடக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போய்த் தடுமாறினால் தலைகுப்புற உள்ளே போய்விடுவோம். பலகைகள் மேலே கிளையில் மாட்டிக்கொள்ளும். உதறினால் கிளையில் இருக்கிற பனியும் சேர்ந்து மேலே விழும். வட அமெரிக்காவில் இதை இரண்டு தடவை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆள்கள் பக்கத்தில் நிற்க, தன்னார்வலர்களை மரக்கிணற்றில் இறக்கினார்கள். அவர்களில் 90 விழுக்காட்டினரால் தாங்களாக வெளியே வர முடியவில்லை. சாவு அடிபட்டு வருவதில்லை, மூச்சுத்திணறி வருகிறது. நேரம் நிமிடக் கணக்குதான்.

“அதனால கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்த்தா மரியாதையா விலகிப் போயிடணும்” என்றார் பயிற்றுநர். விலக முடியாமல் விழப்போனால் தண்டையோ கிளையையோ கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்படியாவது தலை மேலே இருக்க வேண்டும். அதையும் மீறி உள்ளே போய்விட்டால் உதறக்கூடாது. கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மூச்சுக்கு இடம் செய்துகொண்டு, அசையாமல் காத்திருக்க வேண்டும். அதற்குக் கை விடுதலையாக இருக்க வேண்டும். கைப்பட்டையைக் கழற்றச் சொன்னதன் பெரிய காரணம் அதுதான்.

பிறகு இன்னும் சில. ஆளுக்கொரு விசில், சட்டைப்பையில் இல்லை, வாய் எட்டும் இடத்தில். தளத்தின் சுற்றுக்காவல் குழுவின் எண் கைப்பேசியில். கயிறு கட்டியிருந்தால் அதற்குக் கீழே குனிந்து போவது நிசெக்கோவில் கண்டிப்பாகக் கூடாது. லிஃப்ட் அட்டையைப் பறித்துவிடலாம். தளத்தின் எல்லைக்கு வெளியே போவதென்றால் திறந்திருக்கும் வாயில் வழியாக மட்டும், அதுவும் பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள்களும் இருந்தால்தான். மரமிருக்கிற இடத்தில் பனிச்சரிவு வராது என்று பலர் நம்புகிறார்கள். நாம் சறுக்கிப் போகிற அளவு இடைவெளி இருந்தால், பனியும் சரிந்து போகலாம்.

கடைசி விதிதான் எளிமையானது. மூன்று திருப்பம், ஒரு நிறுத்தம். முன்னால் போகிறவர் மூன்று, நான்கு திருப்பத்துக்கு ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்து, குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியவேண்டும், பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அங்கிருந்து ஓரடிகூடக் கீழே போகக்கூடாது.

அன்று மாலை நான்கு முறை அந்தத் தோப்பில் இறங்கினோம். முதல் தடவை ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தேன். மூன்றாவது தடவை, எப்போது என்று தெரியாமலே, மரங்கள் மறைந்து வெள்ளை மட்டும் தெரிய ஆரம்பித்தது. பலகைக்குக் கீழே சத்தமே இல்லை. முழங்கால் வரை பனி பிரிந்து வழிவிட்டது. ஒரு திருப்பம் முடிகிற இடத்தில் அடுத்தது தானாகத் தொடங்கியது. வேலை, மின்னஞ்சல், காலை நான்கு மணி அலாரம், எல்லாம் எங்கேயோ இருந்தன. இதற்காக மனிதர்கள் ஏன் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று அன்று புரிந்தது.

இரண்டாம் நாள் காற்று பலமாக வீசி மேல் லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள். ஊறிக் கிடந்தோம் வெந்நீர் ஊற்றில். மூன்றாம் நாள் பயிற்றுநருக்கு வேறு மாணவர்கள். நாங்கள் இருவர் மட்டும் அதே தோப்புக்குப் போனோம்.

கயிற்றைத் தாண்டவில்லை. விசில் இருந்தது. கைப்பட்டை கழற்றியிருந்தோம். இரண்டு முறை ஒழுங்காக, மூன்று திருப்பத்துக்கு ஒருமுறை நின்று, “டேய்!” “அக்கா!” என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கினோம். மூன்றாவது தடவை, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனால் தடமே படாத பனி இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியது எனக்குத்தான். நான் முன்னால் போனேன்.

மூன்றாவது திருப்பத்தில் நான் நிற்கவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதுதான் காரணம். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. ஏழோ எட்டோ திருப்பம் போயிருப்பேன். பிர்ச் மரங்கள் குறைந்து ஊசியிலை மரங்கள் வந்ததைக்கூட நின்ற பிறகுதான் பார்த்தேன்.

“டேய்!”

பதில் இல்லை.

எங்கள் தொழிலில் மௌனத்துக்குப் பெயரே உண்டு: செத்த காற்று. ஒலிபரப்பில் மூன்று விநாடி சத்தம் இல்லையென்றால் கை தானாக ஏதாவதொரு பொத்தானைத் தேடும். அன்று எனக்கு எந்தப் பொத்தானும் இல்லை. பனி பெய்கிற காடு குரலை அப்படியே குடித்துவிடுகிறது. நான் கத்தியது என் காதுக்கே தலையணைக்குள் கத்தியதுபோலக் கேட்டது. விசிலை ஊதினேன். மேலே என் தடம் மட்டும் வளைந்து வளைந்து மரங்களுக்குள் போயிற்று. பக்கத்தில் அவனுடைய தடம் இல்லை.

சுற்றுக்காவல் குழுவை அழைத்தேன். கைப்பேசியில் பதிவான நேரம் காலை 11.42. எந்த லிஃப்டுக்குக் கீழே, எந்தப் பாதைக்கு இடப்பக்கம் என்று சொன்னேன். வருகிறோம், நீங்கள் அவரைத் தேடுங்கள் என்றார்கள்.

மேலே ஏற வேண்டும். பதற்றத்தில் பலகைகளைக் கழற்றிவிட்டேன். அது பெரிய தவறு. இடுப்பு வரை புதைந்தேன். ஒரு காலை எடுத்து வைத்தால் அது திரும்ப அதே குழிக்கு வந்தது. கடைசியில் இரண்டு பலகைகளையும் முன்னால் பனிமேல் குறுக்காகப் போட்டு, அவற்றை அழுத்தி உடம்பைத் தூக்கி, தவழ்ந்து தவழ்ந்து போனேன். பலகைகளை மாட்டியபடியே பக்கவாட்டில் படியேறுவதுபோல ஏறியிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். பதினைந்து மீட்டர் இருக்கலாம். ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பேருந்தைப் பிடிக்க ஓடுகிற தூரம். ஏறும்போது வாய் ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

முதலில் தெரிந்தது சிவப்பு. அவன் பலகையின் முனை, ஒரு சிறிய கிறிஸ்துமஸ் மரத்தின் கிளைக்கு இடையே, வானத்தைப் பார்த்து நின்றது. மற்ற எதுவும் தெரியவில்லை.

காலைப் பிடித்து இழுக்கத்தான் கை போனது. அதைச் செய்யக்கூடாது என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. மேலிருந்து கிளறினால் பனி முகத்தில்தான் போய் விழும். தலை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, மரத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டிலிருந்து கைகளால் தோண்டினேன். முதலில் கையுறை தட்டுப்பட்டது. கையுறை என் விரலைப் பிடித்தது. அதற்குப் பின்னால் முகம். முழங்கையை மடித்து முகத்துக்கு முன்னால் வைத்திருந்தான். அந்த வளைவுக்குள் ஒரு கிண்ணம் அளவு காற்று இருந்தது. வாயைச் சுற்றியிருந்த பனியை எடுத்ததும் இருமினான். பிறகு அழுதான். பிறகு, “கால் வலிக்குது, மொதல்ல பலகையைக் கழட்டு” என்றான்.

சுற்றுக்காவலர்கள் வந்து சேர்ந்தபோது அவன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கை, கால், கழுத்தைச் சோதித்தார்கள். நாளையும் தேதியையும் கேட்டார்கள். எங்களைத் திட்டவில்லை. வந்த இருவரில் ஒருவர் என் தடத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நான் இருபது நிமிடம் போயிருக்கும் என்று நினைத்தேன். தம்பி தன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவன் முகம் வெளியே வந்தபோது மணி 11.49.

லிஃப்ட் நிலையத்துக்குக் கீழே தானியங்கி இயந்திரத்தில் சூடான சோள சூப் டின்கள் இரண்டு வாங்கி, குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவன் சொன்னான்.

“நீ கூப்பிட்டது எல்லாம் கேட்டுச்சுக்கா. விசிலும் கேட்டுச்சு. நானும் கத்தினேன்.”

“எனக்கு ஒண்ணும் கேட்கலடா.”

“தெரியும். அப்புறம் கத்துறதை நிறுத்திட்டேன். காத்து வேஸ்ட்டு. நீ பேசிக்கிட்டே வந்தியே, அதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “தீவு விரைவுச்சாலைல நெரிசல்னு சொல்ற அதே குரல்ல” என்றான்.

பனிக்குள் புதைந்தவருக்கு மேலே இருப்பவர்களின் குரல் கேட்கலாம், அவர் குரல் வெளியே வராது என்பதைப் பிறகு பயிற்றுநர் விளக்கினார். நான் தினமும் செய்கிற வேலையும் அதுதான். ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறேன், கேட்பவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் பதில் எனக்குக் கேட்காது. ஆனால் அன்றுவரை அதை நினைத்து எனக்கு வயிறு கலங்கியதில்லை.

அன்று மாலையே பயிற்றுநருக்குத் தகவல் அனுப்பினோம். மறுநாள் காலை, தன் வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் வந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். தம்பியிடம், “கை முகத்துக்கு முன்னாலயா? குட், மச்சா” என்றார். என்னிடம் ஒரே கேள்வி: “எத்தனை திருப்பம் போனே?”

“எண்ணல.”

தலையை ஆட்டினார். பிறகு எங்களை அதே பிர்ச் தோப்புக்குக் கூட்டிப்போனார். போக வேண்டுமா என்று இருந்தது எனக்கு. தம்பி ஏற்கெனவே பலகையை மாட்டியிருந்தான். இந்தத் தடவை அவன் முன்னால். மூன்று திருப்பம், நிறுத்தம், “அக்கா!” மூன்று திருப்பம், நிறுத்தம், “அக்கா!” தோப்பிலிருந்த மற்றவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். என் தொண்டை கட்டிப்போய், ஊர் திரும்பிய முதல் நாள் காலை நிகழ்ச்சியில் நேயர் ஒருவர், “சளியா தங்கச்சி? மிளகு ரசம் வைங்க” என்று அழைத்துச் சொன்னார்.

இந்தப் பத்தியை ஞாயிறுதோறும் முதலில் படிக்கிறவர் அம்மா. அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்வது சரியில்லை என்று, எழுதி முடித்த வெள்ளிக்கிழமை இரவு நானும் தம்பியும் ஈசூன் வீட்டுக்குப் போனோம். சாப்பாட்டு மேசையில் வைத்து நானே வாசித்துக் காட்டினேன். அப்பா நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அம்மா கடைசிவரை அசையவில்லை. முடித்ததும் சாம்பார் கிண்ணத்தை மூடி வைத்தார்.

“யாரு முன்னாடி போனது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

“மாறி மாறித்தாம்மா போனோம்” என்றான் தம்பி.